காய்ச்சல் போய் இரண்டு மாதம், காலில் இன்னும் தெம்பில்லை

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை நோயாளி. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி 11 நாள் ஐசியூவில் இருந்தார். வீடு வந்து இரண்டு மாதமாகியும் யாராவது கைகொடுத்தால்தான் எழுகிறார். ஆக்சிஜன் 98 காட்டுகிறது, முடி கொட்டுகிறது. தசையில் மைட்டோகாண்ட்ரியா செத்துவிடும் என்று இணையத்தில் படித்துவிட்டு கோ-கியூ 10 மாத்திரை கொடுக்கிறோம். இப்படியே படுத்துவிடுவாரா?

பதில்: கைகொடுத்தால் எழுகிறவர் படுத்துவிடப் போகிறவர் அல்ல. ஆனால் தேறுவதற்கு மாதங்கள் பிடிக்கும்.

98 என்பது ரத்தத்தின் கணக்கு. அந்த ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி என்ற ஆற்றலைத் தயாரிப்பது தசைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. செப்சிஸ் எனப்படும் இப்படிப்பட்ட கடும் தொற்று நிலையில் உடல் அளவுக்கு மீறிச் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு அந்த வேலையை முடக்குகிறது. பெரும்பாலும் இது முடக்கம்தான், சாவு அல்ல. பிழைத்தவர்களின் தசையில் புது மைட்டோகாண்ட்ரியா உருவாகும் வேலை ஐசியூ நாட்களிலேயே தொடங்கிவிடுவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கூடவே, படுத்த நாட்களில் தொடைத் தசையும் கரைந்திருக்கும்.

மாத்திரையை நிறுத்துங்கள். இதற்கு அது பலன் தரும் என்று நிரூபணமில்லை. புது மைட்டோகாண்ட்ரியாவை வரவழைப்பது தசைக்குக் கொடுக்கும் வேலை. கைப்பிடி உள்ள நாற்காலியில் இருந்து 5 முறை எழுந்து உட்காரட்டும், ஒரு நாளைக்கு 4 வேளை. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சரியாக இருந்தால் 60 கிலோ எடைக்குத் தினம் 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான்; கஞ்சியை மட்டும் ஊட்டினால் கால் தேறாது. முடி தானாக முளைக்கும், விடுங்கள்.

நீங்கள் கேட்காததுதான் முக்கியம்: தொற்று திரும்பலாம். இந்த வயதில், சர்க்கரையோடு, காய்ச்சலே இல்லாமலும் வரும். செல்கள் திணறும்போது ரத்தத்தில் அமிலம் கூடுகிறது; அதை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கும். அவர் சும்மா இருக்கும்போது, அவரிடம் சொல்லாமல், முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சரி. 22ஐத் தொட்டாலோ, பேச்சில் குழப்பமோ தூக்கக் கலக்கமோ இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, விடியும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், கிருமி தெரியாமல் போகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், முன்பு செப்சிஸ் வந்தவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.