தொட்டி மண்ணில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் மருந்து ஊற்றலாமா?

க்ரோ பேக் மண்ணில் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கிறது, மருந்து ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். நான் ஊற்றியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

குரோம்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் தோட்டம் போட்ட முதல் வருடம். ஐப்பசி மழையில் மேல்மண்ணெல்லாம் வெள்ளை பூத்தது. பயந்துபோய்ப் பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து எல்லாப் பைகளிலும் ஊற்றினேன். வெள்ளை மறைந்தது. அப்புறம் நட்ட தக்காளி நாற்று வளராமல் அப்படியே நின்றது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நரம்பெல்லாம் ஊதா. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், கிடைக்காத செடி அப்படித்தான் காட்டும். ஆனால் அந்தப் பையில் எரு, எலும்புத்தூள் எல்லாம் போட்டிருந்தேன். சத்து மண்ணில் இருந்தது, வேருக்குத்தான் போய்ச் சேரவில்லை.

நீங்கள் கண்ணால் பார்க்கும் வெள்ளை, பெரும்பாலும் எருவையும் இலைச் சருகையும் மட்க வைக்கும் பூஞ்சை. செடிக்கு அதனால் கெடுதல் இல்லை. செடியோடு கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சை வேறு. அதன் இழை வேர்த்தூவியைவிட மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது. மருந்து ஊற்றினால் அதுவும் சேர்ந்து அடிபடும்.

மணிச்சத்து மண்ணில் இடம்விட்டு இடம் நகராத சத்து. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதைத் தின்று தீர்த்துவிட்டால் அங்கே வெற்று மண்தான். கூட்டுவாழ்வுப் பூஞ்சையின் இழை அந்த இடத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் போய், வேர் நுழைய முடியாத இடுக்கிலிருந்தும் சத்தைக் கொண்டுவரும். வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து குட்டி மரம்போலக் கிளை விடும். கொடுக்கல் வாங்கல் நடப்பது அங்கேதான். அந்தக் கிளைகளுக்குச் சில நாள்தான் ஆயுசு, கரைந்ததும் புதிதாக வரும். பதிலுக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. வெயிலில் தயாரித்த உணவில் ஐந்தில் ஒரு பங்குவரைகூடப் போகும். வேர் இல்லாவிட்டால் இந்தப் பூஞ்சைக்குப் பிழைப்பே இல்லை.

ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் 40 கோடி வருடத்துப் பழைய பாறையில், சரியான வேர்கூட இல்லாத செடியின் தண்டுக்குள் இதே கிளைகள் புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன. அதைப் படித்த அன்று மாடிக்குப் போய் என் கத்தரிச் செடியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, என்ன செய்யலாம்? வெறும் கோகோபீட்டில் (தென்னை நார்க்கழிவு) இந்தப் பூஞ்சை அநேகமாக இருக்காது. நல்ல தோட்டத்து மண் சேருங்கள். இந்தப் பூஞ்சையே உரக்கடையில் ‘வேம்’ (VAM) என்று கேட்டால் கிடைக்கும், வேர் உட்பூசணம் என்றும் சொல்வார்கள். இலையில் தெளித்துப் பிரயோஜனம் இல்லை. நாற்று நடும் குழியில், வேர் தொடும்படி போட வேண்டும். டிஏபி மாதிரி மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் மணிச்சத்து சும்மாவே கிடைக்கிறது என்று செடியே பூஞ்சையைச் சேர்க்காது. முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இனம் இந்த உறவே வைத்துக்கொள்ளாது, அவற்றுக்கு வாங்கிப் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம். காய்ப்பு முடிந்த செடியை நான் பிடுங்குவதில்லை. தண்டை மட்டும் வெட்டிவிட்டு, அதே பையில் இரண்டு தட்டைப்பயறு ஊன்றிவிடுவேன். உயிருள்ள வேர் ஒன்றாவது உள்ளே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம். வெள்ளை இழை செடியின் தண்டை ஒட்டி, மண் தொடும் இடத்தில் சுற்றியிருக்கிறதா? அதில் கடுகு மாதிரி பழுப்பு உருண்டைகள் இருக்கின்றனவா? செடி திடீரென்று வாடுகிறதா? அப்படியானால் அது தண்டழுகல் நோய். அந்தச் செடியை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் எடுத்துத் தனியே அப்புறப்படுத்துங்கள், கம்போஸ்ட்டில் போடாதீர்கள். விரலால் மேல்மண்ணை விலக்கி, தண்டின் அடியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.