ரைசாவுக்குப் போனவரும் ஏற்காட்டுக்குப் போனவர்களும்

கேள்வி: ‘ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் ‘த மைண்ட்ஸ் ஐ’ என்ற பகுதியை அண்மையில் பார்த்தேன். விடுமுறைக்குப் புறப்பட்ட பொறியாளர் ஜியார்டியைப் பகைவர்களான ரோமுலன்கள் கடத்தி, மூளைச்சலவை செய்து, கொலைகாரராகத் திருப்பி அனுப்புகிறார்கள். அதைக் கண்டுபிடிப்பது உணர்ச்சியே இல்லாத இயந்திர மனிதர் டேட்டா. அப்படியானால் நட்புக்கும் விசுவாசத்துக்கும் உணர்ச்சி தேவையில்லை என்றுதானே பொருள்?
– நட்சத்திரப் பித்தர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: விடுமுறை என்று எழுதினீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. பித்தரே, ஜியார்டி விடுமுறைக்குப் போகவில்லை. செயற்கை நுண்ணறிவு பற்றிய கருத்தரங்குக்குப் போகிறார். கருத்தரங்கு நடக்கும் ரைசாவோ உல்லாசத்துக்கென்றே பெயர் பெற்ற கிரகம். அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ காலம் தள்ளிய எவருக்கும் இந்த ஏற்பாடு உடனே புரியும். சேலத்துக்காரர்களின் கருத்தரங்குகள் ஏன் மே மாதத்தில், அதுவும் ஏற்காட்டில் நடக்கின்றன? சேலம் ஐந்து ரோட்டில் குளிரூட்டிய மண்டபமா இல்லை? காலையில் குத்துவிளக்கு, ஆளுக்கொரு துணிப்பை, கழுத்தில் தொங்க ஓர் அட்டை. பதினோரு மணித் தேநீருக்குப் பிறகு மண்டபத்தில் எஞ்சுபவர்கள் பேச்சாளரும் ஒலிபெருக்கிக்காரரும்தான். மற்றவர்கள் படகு இல்லத்தில் ‘மன அழுத்த மேலாண்மை’யைச் செய்முறையாகக் கற்றுக்கொண்டிருப்பார்கள். இருபத்து நான்காம் நூற்றாண்டிலும் இந்தப் பயணப்படி நாகரிகம் அழியாது என்று அந்தத் தொடர்க்காரர்கள் நம்பியிருப்பது எனக்கு ஆறுதல்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். ஜியார்டியை நாற்காலியில் கட்டிவைத்துவிட்டு, அவரைப் போலவே முகம் மாற்றிய இன்னொருவனை ரைசாவுக்கு அனுப்புகிறார்கள். அவன் போய் அனுபவிக்கிறான். இவருக்கோ, போகாத ஊரின் நினைவுகளைத் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். கப்பலுக்குத் திரும்பியவர், ரைசா பிரமாதம் என்கிறார். மனதாரச் சொல்கிறார்.

மே மாதம் ஏற்காடு போய்வந்த எவரையாவது பிடித்து, எப்படி இருந்தது என்று கேளுங்கள். “அருமை” என்பார். விடாமல் குறுக்கு விசாரணை செய்யுங்கள். அடிவாரத்தில் வண்டி நகரவே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்னால் போன வேனின் எண்பலகையை மனப்பாடம் செய்திருப்பார். பாதி மலையில் பிள்ளை வாந்தி எடுத்திருக்கும். படகு இல்லத்தில் டிக்கெட் வரிசை. லேடீஸ் சீட்டில் முன்னால் நின்றவரின் முதுகு. கிளியூர் அருவிக்கு இறங்கிப் போனால் பாறை, நல்ல பாறை, தண்ணீர் மட்டும் மழைக்காலத்துக்கு வரும். மலர்க் கண்காட்சியில் பூக்களால் செய்த யானையின் பக்கத்தில் நின்று படம் எடுக்க இன்னொரு வரிசை. இறங்கும்போது திரும்பவும் அதே இருபது வளைவு, வேறு வேன். “பிறகு எதுதான் அருமை?” என்று கேட்டால், கொஞ்சம் யோசித்து, “கிளைமேட்” என்பார். இந்த மனிதரின் முகத்தோடு வேறு எவனோ ஒருவன் ஒரு நல்ல ஏற்காட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இவருக்கு நினைவு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

யார் அந்த ரோமுலன்? இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிப்பவர்கள் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆம், அதேதான். ‘ஏழைகளின் ஊட்டி’. ஒவ்வொரு மே மாதமும் நம் நாளிதழ்கள் அச்சுக்கோத்து வைத்திருக்கும் அந்த இரண்டு சொற்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் என்று தனக்கென்று ஒரு சாமி இருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களிலேயே இங்கே காப்பியைக் கொண்டுவந்துவிட்டார். அப்போது நீலகிரியில் கோவை கலெக்டர் சல்லிவன் ஊட்டியைக் கட்டத் தொடங்கி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. வயதில் சமமான இரண்டு ஊர்களில் ஒன்றை மட்டும் மற்றொன்றின் மலிவுப் பதிப்பாக எப்படிச் சொல்வது? ஊட்டியைப் ‘பணக்காரர்களின் ஏற்காடு’ என்று எவராவது எழுதினாரா? போகட்டும், அந்த ஏழைதான் யார்? மே மாதம் விடுதி வாடகையைக் கேட்டுவிட்டு அடிவாரத்துக்கே திரும்பியவரா? இந்த அடைமொழிக்காக ஒரு நாளிதழோடு எனக்கு நீண்ட கடிதச் சண்டையே உண்டு. என் கடிதத்தை அவர்கள் வெளியிட்டார்கள். ‘ஏழைகளின் ஊட்டி பற்றி ஒரு வாசகர்’ என்று தலைப்பிட்டு வெளியிட்டார்கள்.

மூளைச்சலவைக்கு நாற்காலியும் கண்ணைப் பறிக்கும் விளக்கும் வேண்டும் என்று நினைப்பது தொலைக்காட்சிக்காரர்களின் வசதிக்காக. 1950இல் எட்வர்ட் ஹன்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கொரியப் போர் முடிந்ததும் கைதிகளாக இருந்த 21 அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்ப மறுத்துச் சீனாவுக்குப் போனார்கள். அமெரிக்கா ஆடிப்போயிற்று. நம் பையன்கள் தாமாக அப்படி முடிவெடுப்பார்களா, மூளையை எவனோ கழுவியிருக்கிறான் என்றது. பகைவனிடம் அப்படி ஒரு வித்தை இருந்தால் நமக்கும் வேண்டுமே என்று, போர் முடியும் முன்பே, சி.ஐ.ஏ. 1953இல் ‘எம்.கே. அல்ட்ரா’ திட்டத்தைத் தொடங்கி, விவரம் அறியாத மனிதர்களுக்கெல்லாம் எல்.எஸ்.டி. போதைமருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1973இல் கோப்புகளில் பெரும்பகுதியை அவர்களே அழித்துவிட்டார்கள். சொன்னதும் சுடும் ஜியார்டி ஒருவரும் அதிலிருந்து கிடைத்ததாகச் சான்று இல்லை. சீனாவுக்குப் போன அந்தச் சிப்பாய்களில் பலரும் சில ஆண்டுகளில் தாமாகவே ஊர் திரும்பினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சொல் பிறந்த அதே 1950இல், பிப்ரவரி 11ஆம் தேதி, உங்கள் அஸ்தம்பட்டியில் இருக்கும் சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். அவர்கள் மனத்தை மாற்ற எவரும் கருவி தேடவில்லை, துப்பாக்கி போதும் என்று இருந்துவிட்டார்கள். விசுவாசம் பற்றிக் கேட்கிறீர்கள், அஸ்தம்பட்டியிலிருந்து கேட்கிறீர்கள். ஆகவே சொல்லிவைத்தேன்.

இனி டேட்டா. உங்கள் கேள்வியில் ‘உணர்ச்சியே இல்லாத’ என்பதைத்தான் பெரிய ஆச்சரியமாக வைத்திருக்கிறீர்கள். உணர்ச்சி உள்ளவர்கள் அந்தக் கப்பலில் என்ன கிழித்தார்கள் என்று பாருங்கள். பிறர் மனத்தை உணரும் ஆற்றலோடு பிறந்த ஆலோசகர் ட்ராய் அங்கேதான் இருக்கிறார். அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கப்பலின் சக ஊழியர் ஓ’பிரையன் மீது ஜியார்டி பானத்தைக் கொட்டுகிறார். கைதவறியது என்று அவரும் துடைத்துக்கொண்டு போகிறார். அதே ஓ’பிரையனைப் போலிக் காட்சியில் சுட்டுவிட்டு அலட்டிக்கொள்ளாமல் உட்காரும் பயிற்சியை ஜியார்டிக்குக் கொடுத்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும், பாவம், அவருக்குத் தெரியாது. கூட்டணி இனமான கிளிங்கன்களை எதிர்க்கும் கலகக்காரர்களுக்குக் கப்பலிலிருந்தே ஆயுதம் போய்ச் சேர்ந்த விஷயத்தை விசாரிப்பவர்களில் ஜியார்டியே ஒருவர்! தான் செய்த குற்றத்தைத் தானே உண்மையான அக்கறையோடு துப்புத் துலக்குகிறார். இந்தப் பகுதியை எழுதியவருக்கு இதற்காகவே ஒரு கும்பிடு.

டேட்டா செய்வது மிகச் சாதாரணமான வேலை. ஜியார்டி வந்த சிறு கலத்தைத் தேடுகிறார். ஒத்துவராத விவரங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். அவை நண்பரையே சுட்டிக்காட்டும்போது நொடி தாமதிக்காமல், ஜியார்டியைக் கைது செய் என்று பாதுகாப்பு அதிகாரி வோர்ஃபுக்கு உத்தரவிடுகிறார். நம் ஊரில் இதற்குப் பெயர் துரோகம். நம் நண்பர்கள் காவல் நிலைய வாசலில் நின்று, “அவனை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும் சார், அவன் அப்படிச் செய்ய மாட்டான்” என்பார்கள். தெரியும் என்பதற்கு அவர்களிடம் இருக்கும் ஆதாரம் பதினைந்து வருஷ டீக்கணக்கு. ஜியார்டிக்கு அப்படிப்பட்ட நண்பர்கள் மட்டும் இருந்திருந்தால் கிளிங்கன் ஆளுநர் வாக் செத்திருப்பார், கூட்டணி உடைந்திருக்கும், ஜியார்டி தூக்குமேடையில் நின்றுகொண்டும் ரைசா நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார். உணர்ச்சி தேவையா இல்லையா என்பதெல்லாம் பட்டிமன்றத்துக்கு ஆகும். எதிரில் இருப்பவர் நேற்று இருந்த ஆள்தானா என்று பார்க்கிற பழக்கம் டேட்டாவிடம் இருந்தது, உணர்ச்சிக்காரர்களிடம் இல்லை. எனக்கு இப்படி ஒரு நண்பர் வேண்டும். என்னைக் கைது செய்யச் சொன்னாலும் கோபித்துக்கொள்வேனே தவிர விலகமாட்டேன்.

விசுவாசத்துக்குப் பாடம் வேண்டுமானால் டேட்டாவை விட்டுவிட்டுத் தூதர் கெல்லைப் பாருங்கள். கிளிங்கன் பேரரசின் தூதர், ஜியார்டிக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்த ரோமுலன்களின் கூட்டாளி. டேட்டா எல்லார் முன்னாலும் அவரைச் சோதனையிட வேண்டும் என்றதும் மறுக்கிறார். மாட்டிக்கொண்டதும் கேப்டன் பிக்கார்டிடம் அடைக்கலம் கேட்கிறார். தருகிறேன், இந்தக் குற்றத்திலிருந்து முதலில் விடுபட்டு வா என்கிறார் பிக்கார்ட். கெல்லைக் கிளிங்கன்கள் இழுத்துப் போகிறார்கள்.

என்ன கேப்டன் இவர்? நம் கட்சி அலுவலகங்களில் வரிசையே வேறு. முதலில் சால்வை, பிறகு உறுப்பினர் அட்டை, அடுத்த வாரம் மாவட்டப் பொறுப்பு. வழக்கு அதன் பாட்டுக்குக் கிடக்கும். இருபது ஆண்டு திட்டிய தலைவரைப் புதிய விசுவாசியின் சுவரொட்டி மறுநாளே வரலாறு என்று எழுதும், ரோமுலன் தொழில்நுட்பம் எதுவும் இல்லாமல். கெல் இடம் தெரியாமல் அடைக்கலம் கேட்டுவிட்டார்.