50 சதவீதம் போட்டும் அடங்காத கெஸ்ட்

கேள்வி: கோவையில் மெயின்ஃபிரேம் வேலைங்க. இசட்/விஎம்-இல் (ஒரே மெயின்ஃபிரேமைப் பல கணினிகளாகப் பிரித்து ஓட்டும் ஐபிஎம் மென்பொருள்) 8 ஐஎஃப்எல் (லினக்ஸுக்கென்றே ஒதுக்கிய பிராசசர்), அதன்மேல் ஒரு டஜன் லினக்ஸ் கெஸ்ட் (அப்படிப் பிரித்த மெய்நிகர் கணினி). அதில் ரிப்போர்ட் ஓட்டும் ஒன்று, 4 விர்ச்சுவல் சிபியு கொடுத்தது, சாயங்காலமானால் மற்றவர்களைப் பட்டினி போட்டுவிடுகிறது. கெஸ்டுக்கு எவ்வளவு பிராசசர் என்று பங்கு வைக்கும் செட் ஷேர் கமாண்டில் அப்சல்யூட் (மொத்தத்தில் இத்தனை சதவீதம்) 50 சதவீதம், லிமிட்ஹார்ட் (அதைத் தாண்டவே கூடாது) என்று கட்டியும் அடங்கவில்லை. எங்கே தப்பு? - வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கமாண்ட் சரிதானுங்க, கணக்குதான் தப்பு. அந்தச் சதவீதம் கெஸ்டின் பங்கில் இல்லை, மொத்த ஐஎஃப்எல்-லில். எட்டில் பாதி நாலு. உங்கள் கெஸ்டுக்கு இருப்பதே நாலு விர்ச்சுவல் சிபியு, அதனால் நீங்கள் கட்டிய வேலி அது போகக்கூடிய தூரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஒரு ஐஎஃப்எல் அளவுக்கு நிறுத்த வேண்டுமென்றால் 12.5 போட வேண்டும். ஆனால் போட்டுவிடாதீர்கள், இன்னொரு குழி இருக்கிறது: அந்தப் பங்கு நாலு விர்ச்சுவல் சிபியுவுக்கும் சமமாகப் பிரியும். உங்கள் ரிப்போர்ட் ஒற்றை த்ரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே சிபியுவில், ஓடுகிறதென்றால் அதற்குக் கிடைப்பது கால் ஐஎஃப்எல், ராத்திரி முழுக்க ஓடும். முதலில் விர்ச்சுவல் சிபியுவைக் குறையுங்கள்.

என்னைக் கேட்டால் லிமிட்டே வேண்டாம். தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, லிமிட்ஹார்ட் என்பது மடையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போவது. பக்கத்து வயல்காரருக்குத் தண்ணீர் வேண்டாமென்றாலும் உங்களுக்கு வராது. லிமிட்சாஃப்ட் என்றால் மற்றவர் கேட்காதபோது கூடுதலாக விடும். உங்கள் பிரச்சினைக்கு அதுவும் தேவைப்படாது. எல்லா கெஸ்டுக்கும் தானாக இருப்பது ரிலேட்டிவ் 100, அதாவது சதவீதமில்லை, மற்ற கெஸ்டுகளோடு ஒப்பிட்டுப் பங்கு பிரிக்கும் எடை. இதை மட்டும் ரிலேட்டிவ் 30 ஆக்கிப் பாருங்கள். நெருக்கடி வந்தால் மட்டும் பின்னால் தள்ளும், யாரும் இல்லாத ராத்திரியில் முழு வேகத்தில் ஓடட்டுமே. போட்ட பழைய லிமிட்டை நோலிமிட் கொடுத்து எடுத்துவிட மறக்காதீர்கள், ரிலேட்டிவை மாற்றினால் அது போய்விட்டதா என்று க்யூரி ஷேர் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், செட் ஷேர் போட்டது கெஸ்ட் லாக்ஆஃப் ஆகும் வரைதான். நிலைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கெஸ்டின் அமைப்பும் எழுதியிருக்கும் இசட்/விஎம் டைரக்டரியில் ஷேர் வரியை மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை அது லாக்ஆன் ஆகும்போது பழையபடி நிற்கும்.