பெங்களூருக்கு பிக்கப்பை ஓட்டி வருவதா, ஹைபிரிட் கார் வாங்குவதா?

கோவையிலிருந்து மாற்றலாகி மாரத்தஹள்ளி பக்கம் குடிவருவதாகவும், கையில் டிஎன் பதிவில் டீசல் வி-கிராஸ் பிக்கப் இருப்பதாகவும், அதைக் கொண்டுவருவதா, விற்று, பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வாங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஊரிலேயே விற்றுவிட்டு வாங்க தம்பி.

வேற்று மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் ஓடினால் கர்நாடகப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும். அதற்குக் கோவை ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று வாங்கணும். லோன் இருந்தால் பேங்க் கடிதம் வேண்டும், அபராத பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. பிறகு இங்கே ஆயுள் வரி. 20 லட்சத்துக்கு மேல் போன வண்டிக்கு 18 சதவீதம், அதன் மேல் செஸ். வண்டியின் வயசைப் பார்த்துக் கொஞ்சம் குறைப்பார்கள். இங்கே கொண்டுவந்து விற்கப் பார்த்தால், வாங்குகிறவர் இத்தனையையும் கழித்துத்தான் விலை கேட்பார். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் தோட்டங்காடு வைத்திருப்பவருக்கு அந்த வண்டியின் அருமை தெரியும். பெயர் மாற்றும் படிவம் 29, 30 கையெழுத்தானதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் என்சிபி (கிளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடி) சான்றிதழ் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தச் சலுகை வண்டிக்கு இல்லை, உங்களுக்கு. மூன்று வருடத்துக்குள் புது வண்டியின் பாலிசியில் கழித்துக்கொள்ளலாம்.

வரியைவிடப் பெரிய தொல்லை டிபிஎஃப். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. பிடித்த கரியை எரிக்க, வண்டி நிற்காமல் நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்தால் எரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். எரிக்கவென்று கூடுதலாகப் பாய்ச்சிய டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அதுதான் அறிகுறி. அதோடு 5.3 மீட்டர் நீளம்; வாடகைக்கு வீடு பார்க்கும்போதே பேஸ்மெண்ட் இடத்தை டேப் வைத்து அளக்க வேண்டியிருக்கும். ஹைபிரிட்டில் கிடைக்கும் டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர் குட்டை.

பிக்கப் திணறும் அதே நெரிசலில்தான் ஹைபிரிட் மிச்சம் பிடிக்கும். ஊரும்போது மோட்டார் இழுக்கும், பிரேக் பிடிக்கும்போது பேட்டரி ஏறும், என்ஜின் நின்றாலும் ஏசி ஓடும். பேட்டரி ஒரு யூனிட்டுக்கும் குறைவுதான், 0.76, அதனால் பிளக் போட்டு ஏற்றும் வேலையே இல்லை. ஓசூர் தாண்டி 100-க்கு மேல் விரட்டினால் அந்த மிச்சம் சுருங்கிவிடும்.

ஷோரூமில் ‘ஹைபிரிட்’ என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். கிராண்ட் விட்டாராவிலேயே மைல்டு, ஸ்ட்ராங் என இரண்டு உண்டு. மைல்டில் மோட்டார் என்ஜினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாக வண்டியை நகர்த்தாது. நமக்கு வேண்டியது ஸ்ட்ராங். டெஸ்ட் டிரைவில் என்ஜின் சத்தமே இல்லாமல் வண்டி நகர்கிறதா என்று பாருங்கள். டொயோட்டா, மாருதி இரண்டுமே ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன.

டீசல் வண்டி ஓட்டிப் பழகியவர் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் பங்கில் பழக்கதோஷத்தில் "டீசல்" என்று சொல்லி நிரப்பிவிட்டால், பவர் பட்டனைத் தொடவே கூடாது. டேங்கைக் காலி செய்த பிறகுதான் எதுவும். வண்டி நின்றுபோனால் முன்சக்கரம் தரையில் உருள இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். பிளாட்பெட் லாரிதான் வர வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

பெரிய பேட்டரி இருந்தாலும், வண்டியை எழுப்புவது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். பொங்கலுக்கு ஊருக்கு ரயிலில் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் அது இறங்கியிருக்கலாம். டேஷ்போர்டில் ‘ரெடி’ எரிந்தால்தான் அது சார்ஜ் ஆகும். எரியாமல் பாட்டு மட்டும் ஓடவிட்டால் காலியாகும். பல மாடல்களில் ஹைபிரிட் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்சீட்டு ஓரத்துச் சல்லடை வழியாகத்தான் போகும். பையோ போர்வையோ அதை மூடக் கூடாது, தூசியை அவ்வப்போது உறிஞ்சி எடுங்கள்.

சத்தியமங்கலம் வழியாக ஊருக்குப் போனால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரை ‘B’யில் (பார்க்கிங் ‘P’ இல்லை) போட்டு இறங்குங்கள். பாதி மலையில் பேட்டரி நிரம்பியதும் என்ஜின் திடீரென்று உறுமும். அது பழுதில்லை; இனி மின்சாரத்தைச் சேர்க்க இடமில்லாததால், வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையை என்ஜின் எடுத்துக்கொள்கிறது.

உங்களுக்கு நிஜமாகவே குறையப்போவது சுமை ஏற்றும் இடம். பேட்டரி அடியில் உட்காருவதால் ஹைரைடர் ஹைபிரிட்டின் டிக்கி 255 லிட்டர்தான். சாதா பெட்ரோலில் 373. ஊரிலிருந்து 25 கிலோ அரிசிச் சிப்பமும் தேங்காய் மூட்டையும் ஏற்றி வருகிற குடும்பம் என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டுப் பெட்டிகளை ஷோரூமுக்கே கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.