கையுறை போட்டால் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு அரசு மருத்துவமனையில் சிசேரியன் நடந்தது. ஒரு சிஸ்டர் கையுறையைக் கழற்றாமலேயே ஒரு கட்டிலில் யூரின் பையைப் பிடித்துவிட்டு, அடுத்த கட்டிலில் என் மகளுடைய டிரிப்ஸ் ஊசியைச் சரிசெய்தார். திட்டு விழுமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. கையுறை இருந்தால் கை கழுவ வேண்டாமா? நாங்கள் கேட்கலாமா?
- ஒரு தாய், பாலக்கோடு

பதில்: தாராளமாகக் கேட்கலாம் அம்மா. மாற்றாத கையுறை போட்டிருப்பவரைத்தான் காப்பாற்றும், அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரை அல்ல. ஒருவரைப் பார்த்து முடித்ததும் கழற்றிப் போட வேண்டும். கழற்றிய பிறகும் கையைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதே கிருமி விரலில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

பிரசவ வார்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1847-இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களையும் மாணவர்களையும் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த அந்த வார்டில், சில மாதங்களிலேயே அது 2 அளவுக்கு இறங்கியது.

சிஸ்டரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. வார்டு நிரம்பி வழியும், டியூட்டியில் ஆள் குறைவாக இருக்கும், வாஷ்பேசினோ அந்தக் கோடியில் இருக்கும், கோடையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அதனால்தான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஹேண்ட் ரப் பாட்டில், அதாவது தண்ணீர் இல்லாமல் கையில் தேய்த்துக்கொள்ளும் சானிடைசர், இருக்க வேண்டும் என்கிறோம். சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும், ஹேண்ட் ரப் தேய்க்க 20 முதல் 30 விநாடி போதும். கட்டைவிரலும் விரல் நுனியும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். மோதிரம் இருந்தால் அதற்கு அடியிலும் கிருமி அப்படியே தங்கிவிடும்.

"சிஸ்டர், ஊசியைத் தொடுறதுக்கு முன்னாடி கையில மருந்து போட்டுக்கிறீங்களா?" என்று தன்மையாகக் கேளுங்கள். பாட்டிலே இல்லை என்றால் அது நிர்வாகத்தின் குறை, நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்கும் போன் செய்யலாம். அப்புறம், பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வந்த சொந்தக்காரர் கம்பி பிடித்த கையோடு பச்சைக் குழந்தையைத் தூக்கினால், அவரையும் தடுத்து நிறுத்துங்கள்.

கேள்வி: சானிடைசரே எல்லாவற்றுக்கும் போதுமா?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: போதாது. ரத்தம், சளி, மலம் பட்டு கை அழுக்காகத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். வயிற்றுப்போக்கு நோயாளியைக் கவனித்த பிறகும் அப்படித்தான், சில கிருமிகளின் வித்துகள் (கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) சானிடைசரில் உள்ள ஆல்கஹாலுக்குச் சாகாது. கழுவிய கையை வார்டில் எல்லோருக்கும் பொதுவாகத் தொங்கும் ஈரத் துண்டில் மட்டும் துடைக்காதீர்கள்.