பட்டறை அப்பாவும் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் படிக்கும் மகளும்

ஐயா, வணக்கம். கோவையில் இருபது வருடத்துக்கும் மேலாக லேத் பட்டறை நடத்துவதாகவும், மகள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "நாள் முழுக்க கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பாகத்தைச் சிவப்பும் நீலமுமாக மாற்றிக்கொண்டே இருக்கிறாள். இதற்கு ஆறு மாதக் கோர்ஸ், 60,000 ரூபாயாம். இதில் வேலை உண்டா, இல்லை பணம் தண்ணீரில் போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை உண்டு. ஆனால் பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். பதில் கொஞ்சம் நீளமாகப் போகும், இதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மகள் செய்வது ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ். ஒரு பாகத்தைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். இதைத்தான் மெஷ் என்பது. சுமை ஏறும்போது ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நகர்கிறது, அதனால் எந்த இடத்தில் எவ்வளவு தகைவு (ஸ்ட்ரெஸ், அதாவது ஒரு சதுர அளவில் விழும் உள்விசை) வருகிறது என்று கணக்குப் போடுவார்கள். 1950களில் விமானக் கட்டமைப்புகளுக்காக வளர்ந்த முறை இது. இந்தப் பெயரை ரே கிளஃப் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1960-ல் வைத்தார். இன்று கார், டிராக்டர், பம்பு எதுவானாலும், செய்து உடைத்துப் பார்ப்பதற்கு முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தப்பான கேள்வியைக் கொடுத்தாலும் சாஃப்ட்வேர் அழகான படத்தோடு ஒரு பதிலைக் கொடுத்துவிடும். 1991 ஆகஸ்ட் 23-ம் தேதி நார்வேயில், ஸ்டாவாங்கர் நகருக்குப் பக்கத்தில், ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போதே மூழ்கிப்போனது. அதன் அறைச் சுவர்கள் சேரும் இடத்தில் மெஷ் சரியாக அமையவில்லை. அங்கே வரக்கூடிய வெட்டுத் தகைவை (கத்தரிப்பதுபோல் இரு பக்கமும் எதிரெதிராகத் தள்ளுவதால் வருவது) கணக்கு 47 சதவீதம் குறைவாகக் காட்டியது, சுவரும் அதற்கேற்ப மெலிசாகவே கட்டப்பட்டது. கணக்குப் போட்டவர்கள் அனுபவசாலிகள், சாஃப்ட்வேரும் பெயர்பெற்றது. இருந்தும் நடந்தது.

உங்கள் பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். சுவரில் இரண்டு போல்ட் போட்டு மாட்டிய ஒரு எல் பிராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் அதன் முதுகு முழுவதையும் 'ஃபிக்ஸட்' என்று ஒரே கிளிக்கில் கட்டிவிடுவார்கள். முதுகு முழுக்கப் பற்றவைத்த மாதிரி ஆகிவிடும். நிஜத்தில் மேல் போல்ட் இழுபடும், கீழ் விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ளும், நடுவில் லேசாக இடைவெளிகூட விழும். போல்ட்டை எவ்வளவு முறுக்கியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். ஒரே பிராக்கெட், ஒரே எடைதான். ஆனால் பிடிமானத்தை மாற்றினால் தகைவு வரும் இடமே மாறிவிடும். சுமையும் அப்படித்தான். மோட்டாரின் எடையை மட்டும் வைத்துவிட்டு, ஸ்டார்ட் ஆகும்போது வரும் உதறலையும் பெல்ட் இழுவையையும் விட்டுவிட்டால், கணக்கில் தாங்கிய பிராக்கெட் திரும்பத் திரும்ப உதறி ஆறு மாதத்தில் அசந்து விரிசல் விடும்.

இதெல்லாம் உங்களுக்குக் கைப்பழக்கம். விரிசல் விட்டு வெல்டிங்குக்கு வந்த பாகங்களை எத்தனை பார்த்திருப்பீர்கள்! எந்த மூலையிலிருந்து விரிசல் ஆரம்பிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அறிவை எந்தக் கோர்ஸும் விற்பதில்லை. அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

மகளுக்கும் சில வார்த்தை. இந்தப் பகுதியை அவரிடமே காட்டுங்கள். உள்மூலையை ரேடியஸ் கொடுக்காமல் கூராக வரைந்துவிட்டு, அங்கே மெஷ்ஷைப் பொடியாக்கினால் தகைவு ஏறிக்கொண்டேதான் போகும். 300, 500, 900 என்று எங்கும் நிற்காது. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து பாகத்தைத் தடிமனாக்குவது வீண் வேலை. நிஜத்தில் இருக்கும் ரேடியஸை வரைந்து, மெஷ்ஷைப் படிப்படியாகப் பொடியாக்கி, பதில் எங்கே நிலைக்கிறது என்று பார்க்க வேண்டும். மெல்லிய தகட்டுக்கு நான்கு முனை டெட்ரா (நான்முக வடிவ) துண்டுகளை ஒரே அடுக்காகப் போட்டால், பாகம் நிஜத்தைவிட மிகவும் விறைப்பாகத் தெரியும். பத்து முனை டெட்ரா போடுவது நல்லது. அலகுகளில் கவனம் வேண்டும்: மில்லிமீட்டர், நியூட்டன், எம்.பி.ஏ. (மெகா பாஸ்கல், தகைவின் அலகு) என்று வேலை செய்யும்போது எஃகின் அடர்த்தி 7850 (கன மீட்டருக்குக் கிலோ) அல்ல, 7.85 × 10⁻⁹ (கன மில்லிமீட்டருக்கு டன்). முடிவு வந்ததும் வண்ணப் படத்துக்கு முன்னால் தாங்கு விசைகளின் (பிடிமானங்கள் எதிர்த்துத் தாங்கும் விசைகளின்) கூட்டுத்தொகையைப் பாருங்கள். வைத்த சுமைக்கு அது சமமாக இல்லை என்றால் அந்தப் படத்தைப் பார்ப்பதில் பயனில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த என் மாணவர்கள் சொல்வதும் இதைத்தான். "எந்த சாஃப்ட்வேர் தெரியும்?" என்பது முதல் கேள்வி, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் வருவது, "இங்கே ஏன் கட்டினாய்? இந்த எண் சரி என்று எப்படித் தெரியும்?" திணறுவது இதில்தான்.

வேலை நிலவரத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சி.ஏ.இ. (கம்ப்யூட்டர் உதவியோடு செய்யும் பொறியியல்) இன்ஜினியர், ஸ்ட்ரெஸ் அனலிஸ்ட் என்ற பெயர்களில் சென்னை, பெங்களூரு, புனே, கோவையில் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் படிப்பு முடித்த கையோடு சேர்பவர்களுக்கு இடம் குறைவு. நிறைய நிறுவனங்கள் எம்.இ. படித்தவரையோ அனுபவம் உள்ளவரையோ கேட்கின்றன. சேர்ந்தாலும் முதல் ஒரு வருடம் பெரும்பாலும் மெஷ் போடும் வேலைதான் கிடைக்கும். அது சலிப்பாக இருக்கும். அதைத் தாண்டி நிற்பவர்களுக்கு நல்ல வளர்ச்சி உண்டு.

கோர்ஸுக்கு முன் இலவசமாகக் கிடைப்பதை முடிக்கட்டும். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் ஃபைனைட் எலிமென்ட் பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கின்றன. பார்ப்பதற்குக் காசில்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். இந்தக் கணக்குப் போடும் ஆன்சிஸ் சாஃப்ட்வேரின் மாணவர் பதிப்பு இலவசம், மெஷ் அளவுக்கு வரம்பு உண்டு, பழகுவதற்குப் போதும். வரைவதற்கான ஃப்ரீகேடும் கணக்குப் போடும் கால்குலிக்ஸும் முழுக்கவே இலவசம். இவற்றை ஆறு மாதம் செய்தபிறகும் கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால், அந்த நிறுவனத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "செய்த கணக்கைக் கைக்கணக்கோடோ சோதனையோடோ ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லித்தருவீர்களா?" மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். 25 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டையை வைஸில் படுக்கையாகக் கடித்து, 300 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். நுனியில் டயல் கேஜை வைத்து, 5 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். கைக்கணக்குப்படி நுனி 4.9 மில்லிமீட்டர் இறங்க வேண்டும், வைஸ் ஓரத்தில் வளைவுத் தகைவு 98 எம்.பி.ஏ. வர வேண்டும். டயல் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் எந்த வைஸும் கம்ப்யூட்டரின் 'ஃபிக்ஸட்' அளவுக்கு இறுக்கமாகப் பிடிக்காது. எவ்வளவு கூடுதல், ஏன் என்று மகள் கணக்கோடு இரண்டு பக்கம் எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவருக்கே பதில் எழுதுகிறேன்.