ஒக்கனாகன் குளிரில் ஒயின் திராட்சை: கேள்வி பதில்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒக்கனாகன் பள்ளத்தாக்கின் தென்பகுதிக்கு, பனியும் சேர்த்து, ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழைதான். கோடையில் 35 டிகிரியைத் தாண்டும் வெயில்; குளிர்காலத்தில் மைனஸ் 20க்கும் கீழே இறங்கும் இரவுகள். அங்கே கொடி வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் கேட்டவை இவை.

பள்ளத்தாக்கின் நகரமான கெலோனாவில் வீட்டுக்குப் பின்னால் 20 கொடி வைக்கலாம் என்றிருக்கிறேன். எந்த ரகம்?

ஐரோப்பிய ரகம்தான் வேண்டுமென்றால் ரீஸ்லிங், கேபர்னே பிராங்க். இரண்டும் குளிரை ஓரளவு தாங்கும். மெர்லோவும் சிராவும் முதலில் அடிவாங்குபவை. கவலையில்லாமல் தூங்க வேண்டுமா, மார்க்கெட் வையுங்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட கலப்பின ரகம் அது. நன்கு பக்குவப்பட்ட கொடி மைனஸ் 30ஐயும் தாங்கும். ஆனால் அதன் புளிப்பு அதிகம், மொட்டும் சீக்கிரம் விரியும். ஆகவே பனிக்காற்று தேங்கும் பள்ளத்தில் நடாதீர்கள். சரிவின் நடுப்பகுதியே நல்லது.

2024 ஜனவரியில் மைனஸ் 25க்கும் கீழே போனது, அந்த ஆண்டு விளைச்சலே இல்லை. அப்படியொரு இரவுக்குப் பிறகு மொட்டு உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியே பார்த்தால் தெரியாது, அறுத்துத்தான் பார்க்க வேண்டும். தோட்டத்தின் மேட்டிலும் பள்ளத்திலுமாக 10 தண்டுகள், ஒவ்வொன்றிலும் 10 மொட்டு இருக்கும்படி வெட்டி எடுங்கள். வீட்டுக்குள் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். உடனே அறுத்தால் செத்ததும் பச்சையாகவே தெரிந்து ஏமாற்றும். கருக்க நேரம் வேண்டும். பிறகு புது சவர பிளேடால் மொட்டின் நுனியைக் குறுக்காகச் சீவுங்கள். ஒரு மொட்டுக்குள் மூன்று மொட்டு இருக்கும். நடுவில் உள்ள பெரியதுதான் நல்ல குலை தருவது, முதலில் சாவதும் அதுதான். இரண்டாவது கொஞ்சம் காய்க்கும். மூன்றாவதில் இலைதான் வரும்.

நூற்றில் 15க்குள் செத்திருந்தால் வழக்கம்போல் கவாத்து (தண்டுகளை வெட்டிவிடுவது) செய்யலாம். 15 முதல் 35 என்றால் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மொட்டுகளை வெட்டாமல் விடுங்கள். 35 முதல் 50 என்றால் இரண்டு மடங்கு. பாதிக்கு மேல் போயிருந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, எது துளிர்க்கிறது என்று மே மாதம் வரை பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று. குளிர் எத்தனை டிகிரி என்பதோடு, எப்போது வந்தது என்பதும் முக்கியம். படிப்படியாகக் குளிர்ந்து இறுகிய கொடிக்கு ஜனவரியில் மைனஸ் 20 பெரிய விஷயமில்லை. அதே கொடியை நவம்பர் தொடக்கத்தில் மைனஸ் 15 சாய்த்துவிடும்.

மே மாதம் நன்றாகத் துளிர்த்த கொடி, ஜூலை வெயிலில் ஒரே வாரத்தில் வாடிப்போனது. தண்ணீர் போதவில்லையா?

பெரும்பாலும் தண்ணீர்க் குறையல்ல. தண்டில் தேங்கிய சத்தை வைத்து மொட்டு விரிந்திருக்கும். பட்டைக்கு அடியிலுள்ள உயிர்த்தசை குளிரிலேயே செத்திருக்கும். அடித்தண்டின் பட்டையைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். ஈரப்பச்சை என்றால் பிழைக்கும், பழுப்பு என்றால் அந்தத் தண்டு போனது. அடியில் கரணை கரணையாக வீங்கியிருந்தால் அது கழலை நோய். குளிர் பிளந்த காயத்தின் வழியே பாக்டீரியா புகுந்திருக்கும். அதற்கு மருந்தில்லை.

கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். அடியிலிருந்து வரும் துளிர்களில் இரண்டு, மூன்றை வளரவிட்டு, அடுத்த ஆண்டு அவற்றைப் புதுத் தண்டாக்குங்கள். ஒட்டுக்கொடியாக (வேறொரு ரகத்தின் வேர்ச்செடிமேல் ஒட்டியது) இருந்தால் துளிர் ஒட்டுக்கு மேலிருந்து வர வேண்டும். கீழிருந்து வருவது வெறும் வேர்ச்செடி. இதனால்தான் இலையுதிர்காலத்தில் ஒட்டு மூடும்படி 20 முதல் 30 சென்டிமீட்டர் மண் அணைக்கச் சொல்கிறோம். வசந்தத்தில் அந்த மண்ணை விலக்க மறந்தால் ஒட்டுக்கு மேல் வேர்விட்டுவிடும்.

அப்படியென்றால் முழுக் கொடியையும் புதைத்துவிடலாமே?

சீனாவின் நிங்சியாவில் அதைத்தான் செய்கிறார்கள். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ படுக்கவைத்து மண் மூடி, ஏப்ரலில் தோண்டி எடுக்கிறார்கள். அதற்குக் கொடியைச் சிறுவயதிலிருந்தே சாய்வாக வளர்த்திருக்க வேண்டும். நிமிர்ந்து தடித்த தண்டை வளைத்தால் முறியும்.

குளிர்காலம் வருமுன் தண்ணீரை நிறுத்த வேண்டுமா, கொடுக்க வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டும் சரி, வேளை வேறு. காய் நிறம் மாறத் தொடங்குமுன் தண்ணீரைக் குறைத்து நுனி வளர்ச்சியை நிறுத்துங்கள். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து வேண்டாம். தண்டு அடியிலிருந்து பழுப்பேறி முற்றினால்தான் குளிரைத் தாங்கும். அறுவடை முடிந்ததும், பாசன நீர் நிறுத்தப்படும் தேதிக்கு முன், 60 முதல் 90 சென்டிமீட்டர் ஆழம் நனையும் வரை சொட்டுநீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் குளிர் ஆழமாக இறங்கும். வேருக்கு மைனஸ் 5, 6 டிகிரியே ஆபத்து. மொட்டின் தாங்குசக்தி அதற்குக் கிடையாது.

எனக்குக் கம்பம் பக்கம். அங்கே வருடத்தில் இரண்டு கவாத்து செய்வோம். இங்கே?

ஒன்றுதான், ஆனால் இரண்டு கட்டமாக. கம்பத்தில் கொடி தூங்குவதேயில்லை, கத்தரிதான் அதைத் துளிர்க்கவைக்கிறது. இங்கே குளிர் தூங்கவைக்கிறது. முதலில் மார்ச்சில் நீளமாக விட்டு வெட்டுங்கள். நுனி மொட்டுகள் விரியத் தொடங்கியதும் இரண்டாம் கட்டமாக, அடியில் இரண்டு மொட்டு விட்டு வெட்டுங்கள். அடிமொட்டு தாமதமாக விரிவதால் வசந்தத்தில் பிந்தி வரும் உறைபனிக்குத் தப்பும். வெட்டில் நீர் வடிந்தால் பயப்பட வேண்டாம்.

துளிர்த்தபின் உறைபனி எச்சரிக்கை வந்தால் தெளிப்பான் போதுமா?

மணிக்கு 3 மில்லிமீட்டர் வீதம் விடாமல் தர முடிந்தால் மட்டும். ஒரு ஹெக்டேருக்கு மணிக்கு 30,000 லிட்டர்! நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் துளிரைக் காக்கிறது. பாதியில் பம்பு நின்றால் ஆவியாதல் வெப்பத்தை உறிஞ்சி, தெளிக்காததைவிட மோசமாக்கும். காலையில் பனிக்கட்டி தானாகக் கழன்று விழும்வரை நிறுத்தாதீர்கள். அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் புல்லை ஒட்ட வெட்டி, மண்ணை ஈரமாக வையுங்கள். ஒரு டிகிரி கிடைத்தாலும் லாபம்.

வறண்ட ஊரில் சாம்பல் நோய் (இலையிலும் காயிலும் படரும் வெண்பூஞ்சை) எப்படி வருகிறது?

அதற்கு இலை நனைய வேண்டியதில்லை. 21 முதல் 30 டிகிரி வெப்பமும் அடர்ந்த நிழலும் போதும். துளிர் 15 சென்டிமீட்டர் வளர்ந்ததும் நனையும் கந்தகத் தூளை நீரில் கலந்து தெளிக்கத் தொடங்கி, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை தொடருங்கள். பூத்து மூன்று, நான்கு வாரம் வரை ஒரு முறைகூடத் தவறக்கூடாது. 32 டிகிரிக்கு மேல் தெளித்தால் இலை கருகும். எண்ணெய் மருந்து அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தொடாதீர்கள். அறுவடைக்கு ஐந்து வாரம் முன் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒயினில் அழுகிய முட்டை நாற்றம் வரும்.

மிஞ்சிய குலைகளை வீட்டு உறைபெட்டியில் வைத்து ஐஸ்வைன் (உறைந்த திராட்சையைப் பிழிந்து செய்யும் இனிப்பு ஒயின்) செய்யலாமா?

குடிக்கலாம், அந்தப் பெயரில் விற்க முடியாது. கனடாவில் கொடியிலேயே மைனஸ் 8 டிகிரியிலோ அதற்குக் கீழோ உறைந்திருக்க வேண்டும், சாறு 35 பிரிக்ஸ் (சர்க்கரைச் செறிவின் அளவு) காட்ட வேண்டும். அதுவரை குலைகளைப் பறவைகள் விட்டுவைக்க வலை கட்டுங்கள்.